கொக்கு ஏன் வெள்ளைத் திட்டாகிறது? நீர்ப்பறவைப் படங்களைக் கெடுக்கும் தவறுகள்

வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகளோடு லென்ஸ்களும் வந்து குவியும். எடுத்த படங்களை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், பல கொக்குகள் இறகே தெரியாத வெள்ளைத் திட்டுகளாக இருக்கும். லென்ஸ் மேல் பழி விழும். தவறோ, வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் ஒளிமானியை அப்படியே நம்பியது.

ஒளிமானி, படத்தில் விழும் எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருவேல மரத்தின் இருண்ட இலைகளுக்கு முன்னால் சின்னதாக ஒரு கொக்கு நின்றால், காட்சியே இருட்டு என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு வெளிறிப்போகும். இங்கே எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை, அதாவது ஒளிமானியின் கணக்கை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பை, −1 வரை இறக்க வேண்டும். அதே கொக்கு வெளுத்த வானத்தில் பறந்தால் கணக்கு தலைகீழ்: +1, சில நேரம் அதற்கு மேலும். ‘வெள்ளைப் பறவைக்கு எப்போதும் பிளஸ்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வெயில் மாறாமல் அடிக்கும் காலையில், எல்லா அளவையும் நாமே வைக்கும் முழு மேனுவலே நல்லது; படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் ஐஎஸ்ஓவும் ஆட்டோவில் இருக்கக் கூடாது. பின்னணி மாறினாலும் பறவைமேல் விழும் ஒளி மாறுவதில்லையே. ஒரு கொக்கைப் படமெடுத்து, திரையில் வெள்ளை சிமிட்டுகிறதா (வெளிறிப்போன இடத்தைக் காட்டும் எச்சரிக்கை அது) என்று பார்த்து, சிமிட்டல் நிற்கும்வரை வெளிச்சத்தைக் குறைத்து, அதிலேயே எடுத்துக்கொண்டு போகலாம். மேகம் வந்து வந்து போனால் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓ.

அடுத்தது ஷட்டர், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். 1/500 நொடியில் நிற்கும் நாரை நன்றாக வரும். பறக்கும் நாரையின் சிறகு நுனி கலங்கும். பறப்பதற்கு 1/2000, அந்தரத்தில் சிறகடித்து நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு 1/3200. லென்ஸில் உள்ள அசைவுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், சிறகுக்கு அல்ல. ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். புள்ளிகளை மென்பொருளில் குறைக்கலாம், கலங்கலை ஒன்றும் செய்ய முடியாது.

வெயில் ஏறிய பிறகு ஏரியின் அக்கரையில் இருக்கும் கூழைக்கடாவை 600 மி.மீ. லென்ஸில் எடுத்தால் ஓரமெல்லாம் உருகினாற்போல் வரும். கானல்தான் காரணம், ஷட்டரைக் கூட்டினாலும் தீராது. அருகிலுள்ள பறவைகளை எடுங்கள், அல்லது சாயங்காலம் வாருங்கள். ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் இதே கதை: குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் லென்ஸுக்கு முன்னாலேயே கலக்கின்றன. ஏசியை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி வையுங்கள்.

பறவைக்கே கேடாக முடியும் தவறுகள் வேறு. கரையில் நடக்கும்போது ஆள்காட்டிப் பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், நல்ல படம் கிடைக்கிறது என்று அங்கேயே நிற்பார்கள். முட்டையோ குஞ்சோ உங்கள் காலருகே இருக்கலாம் என்பதுதான் அந்தக் கத்தலுக்குப் பொருள். மண் நிறத்தில், வெறுந்தரையில் கிடக்கும் முட்டைகள் கண்ணுக்குப் படாது. தாய் நனைந்த வயிற்றோடு வந்து நிழல் கொடுத்துக் காக்கும் முட்டைகள் அவை. நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவை வெயிலில் வேகும், நீங்கள் நிற்பதே காக்கைக்கும் இடம் காட்டிக் கொடுக்கும். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பறக்கும் படத்துக்காகக் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புவது இன்னொன்று. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. அங்கே போய்க் கைதட்டுகிறவர்களை என்ன சொல்ல! நாரை எழும்பும் முன் பெரும்பாலும் எச்சமிடும், உடலைத் தாழ்த்தும், காற்று வரும் பக்கம் திரும்பும். அப்போதே பொத்தானில் விரலை வையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் அது உங்களை நோக்கியே எழும்பும்.