இ-சலான் வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

சிக்னலில் யாரும் நிறுத்தவில்லை, எந்தப் போலீஸ்காரரும் கை காட்டவில்லை. ஆனாலும் சில நாள் கழித்து போனில் அபராதச் செய்தி, அதாவது இ-சலான், வந்து நிற்கிறது. கேமரா வந்த பிறகு இதுதான் நடைமுறை. விதியை மீறியதால் போகும் பணத்தைவிட, அந்தச் செய்தியைச் சரியாகக் கையாளத் தெரியாமல் இழக்கும் பணமும் அலைச்சலும்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

முதல் தவறு சலான் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், எந்த மொபைல் எண் பதிவாகியிருக்கிறது என்று பலருக்கும் தெரியாது. பதிவின்போது ஏஜென்ட் தன் நம்பரைக் கொடுத்திருக்கலாம். நீங்களே பழைய சிம்மை மாற்றியிருக்கலாம். சலான் செய்தி அந்த நம்பருக்குத்தான் போகும். உங்களுக்குத் தெரியாமலேயே நாலைந்து சலான் சேர்ந்து, விஷயம் கோர்ட்டுக்கும் போயிருக்கும். பெயர் மாற்றத்துக்கோ என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றுக்கோ ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும்போதுதான் பாக்கி இருப்பதே தெரியவரும். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணையும் சேஸிஸ், இன்ஜின் எண்களையும் கொடுத்து மொபைல் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அடுத்த தவறு, செய்தி வந்ததும் பதறிப்போய் அதிலுள்ள லிங்கை அமுக்குவது. வாட்ஸ்அப்பில் 'உங்கள் வண்டிக்குச் சலான்' என்று ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வந்தால் அது மோசடியேதான். அதை இன்ஸ்டால் செய்தால் உங்கள் எஸ்.எம்.எஸ்., ஓ.டி.பி. எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். செய்தியைத் தொடாதீர்கள். பிரௌசரில் நீங்களே பரிவாகனின் இ-சலான் தளத்தைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிய வேண்டும். அங்கே சலான் இல்லையென்றால் வந்த செய்தி பொய்.

இனி உண்மையான சலான். பார்த்ததும் 'ஆயிரம்தானே' என்று கட்டிவிடுவது பெரிய தவறு. முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் ஸ்கூட்டர் வீட்டு வாசலில் நின்ற நேரத்துக்குச் சலான் வந்திருக்கும். படத்தில் யாரோ ஒருவர் புல்லட் ஓட்டிக்கொண்டிருப்பார். நம்பர் பிளேட்டில் சேறு படிந்தாலோ, எண்களை வளைத்து நெளித்து எழுதியிருந்தாலோ 8 என்பது 3 ஆகப் பதிவாகிவிடும். உங்கள் எண்ணையே வேறொருவர் போலியாக மாட்டிக்கொண்டு ஓட்டுவதும் உண்டு. அப்படித் தோன்றினால் சலானை மறுப்பதோடு நிறுத்தாமல் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த வண்டி நாளைக்கு வேறு குற்றத்தில் சிக்கினால் உங்களுக்குத் துணை அந்த ரசீதுதான்.

படம் சரியென்றால் இடம், தேதி, நேரம், சட்டப்பிரிவு நாலையும் பாருங்கள். கேமரா மூலம் பதிவாகும் விதிமீறலுக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ சொல்கிறது. 2021-இல் வந்த விதி இது. ஏன் இத்தனை கவனம் என்றால், அபராதத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசமாக முடித்துக்கொள்வதற்குச் சமம். கட்டிய பிறகு 'அது நான் இல்லை' என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது. சந்தேகம் இருந்தால் கட்டாதீர்கள். இ-சலான் தளத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. அன்றைக்கு வண்டி எங்கே இருந்தது என்பதற்கான பார்க்கிங் சீட்டு, சர்வீஸ் பில் எதுவானாலும் சேர்த்து அனுப்புங்கள். அதிலும் தீராவிட்டால் கோர்ட்டில் சொல்லலாம். தவறு உங்களுடையதுதான் என்றால் இழுத்தடிக்காமல் கட்டிவிடுவதே நல்லது.

எல்லாவற்றையும் பணம் கட்டி முடித்துவிடலாம் என்ற நினைப்பும் தவறு. குடித்துவிட்டு ஓட்டினால், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், சமரசத்துக்கே இடமில்லை. கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் விஷயத்திலும் பலர் ஆயிரம் ரூபாயை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் 100 ரூபாயிலிருந்து உயர்ந்த தொகை அது. அந்த அபராதத்தைச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவிலேயே லைசென்ஸை 3 மாதம் முடக்கவும் இடமிருக்கிறது.

நேரில் நிறுத்தும்போது நடக்கும் தவறுகள் வேறு. போன் கேலரியில் ஆர்.சி.யைப் படம் பிடித்து வைத்திருப்பார்கள், அது செல்லாது. அரசின் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் ஆப்பில் திறந்து காட்டினால் அசலுக்குச் சமம். 'லைசென்ஸை வாங்க உங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று வாதாடுவோரும் உண்டு. அபாயகரமாக ஓட்டுவது, ஹெல்மெட் இல்லாமல் போவது, மூன்று பேர் போவது போன்றவற்றில் அதே சட்டத்தின் 206-ஆம் பிரிவு போலீசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது அதற்கான ஒப்புகைச் சீட்டு. அது உங்கள் உரிமை, அவர் கொடுத்தே ஆக வேண்டும். ரசீது இல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள். சாலையில் நின்று சண்டை போட்டால் சலான் மாறாது.

லைசென்ஸ் தேதி முடிந்தாலும் 30 நாள் ஓட்டலாம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சலுகை 2019 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன், 'பக்கத்துத் தெருதானே' என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வழியில் யார் மேலாவது மோதிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கடைசியாக, வண்டியை விற்ற பிறகு நடக்கும் தவறு. பணத்தை வாங்கிக்கொண்டு, வெறும் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். புரோக்கர் கையில் வண்டி மாதக்கணக்கில் ஓடும், சலான் உங்கள் பெயருக்கு வரும். சலானாவது சின்னது. விபத்து நடந்தால் இழப்பீடு பதிவேட்டில் பெயர் உள்ளவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். விற்ற நேரத்தையும் போட்டு வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட் எழுதி, வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து எம்-பரிவாகனில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். பெயர் மாறவில்லை என்றால் வாங்கியவரையும் அழைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.