53 வயதில், வேலை போகும் முன்பே போட்ட கணக்கு

எனக்கு 53 வயதானபோது, எங்கள் பிரிவின் மூத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றப்படுவதைக் கண்டு, அடுத்த பட்டியலில் என் பெயரும் இருக்கக்கூடும் என்று உணர்ந்தேன். அன்றிரவே கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரங்களை எடுத்து, வாடகை, மருந்து, கடன் தவணை எனத் தள்ளிப்போட முடியாத செலவுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். பொதுவாக 3 முதல் 6 மாதச் செலவுக்கான பணத்தைக் கையிருப்பாக வைக்கச் சொல்வார்கள். இந்த வயதில் மறுவேலை கிடைக்கத் தாமதமாகும் என்பதால், நான் 12 மாதத்தை இலக்காகக் கொண்டேன். வட்டி அதிகமான கடன் அட்டை நிலுவையை முதலில் அடைத்தேன். நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால், உடல் நன்றாக இருக்கும்போதே தனியாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மனத்தைத் தயார்ப்படுத்துவதே பெரும்பாடாக இருந்தது. மனைவியிடம் சொல்ல 3 வாரம் தயங்கினேன். சொன்னதும் அவர் எதுவும் பேசாமல் அந்தத் தாளை வாங்கி, நான் வட்டமிட்டிருந்தவற்றில் இரண்டைப் பேனாவால் அடித்துவிட்டு, "இவை இல்லாமலும் இருக்கலாம்" என்றார். நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கியது.

14 மாதங்களுக்குப் பிறகு அந்தக் கடிதம் வந்தது. உடனே கையெழுத்திடாமல், பணிமுடிவுத் தொகை, எடுக்காத விடுப்புக்கான பணம் ஆகியவற்றின் விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கினேன். மறுநாளும் வழக்கமான நேரத்தில் எழுந்து, பழைய சக ஊழியர்கள் ஐவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர்களில் ஒருவர் மூலமாகவே ஏழாவது மாதத்தில் பகுதிநேரப் பணி அமைந்தது.