ரேஷன் கடைத் தகவலைக் குறுஞ்செய்தியாக அனுப்புவது எப்படி?

உசிலம்பட்டி, செக்கானூரணி வட்டாரத்தில் களையெடுப்புக்குச் செல்லும் ஒரு பெண், பருப்பு வந்துவிட்டதா என்று பார்க்க ரேஷன் கடைக்கு இரண்டு முறை நடந்தால், அவருடைய ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அந்த நடையை மிச்சப்படுத்த ஒரு குறுஞ்செய்தி போதும். மகளிர் குழுவினரோ படித்த பிள்ளைகளோ தங்கள் தெருவுக்கு இதைச் செய்யலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது தொலைபேசி எண். பல வீடுகளில் ஸ்மார்ட் கார்டுடன் பதிவாகியிருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணாக இருப்பதால், பொருள் வாங்கியதாக வரும் செய்தி அவருக்குப் போகிறதே தவிர, ஊரில் இருக்கும் தாய்க்கு ஒன்றும் தெரிவதில்லை. பதிவான எண்ணை மாற்ற வட்ட வழங்கல் அலுவலகத்தை அணுகலாம். அதற்கு நாளாகும் என்பதால், ஊரில் யாரிடம் போன் இருக்கிறது, அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்பதை வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோட்டுதான் முழு வேலைக்கும் அடிப்படை. இதில் அவசரப்படக் கூடாது.

இருப்பை அறிய, பதிவான எண்ணிலிருந்து பி.டி.எஸ். என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடம் விட்டு 101 என்று சேர்த்து, 9773904050 என்ற எண்ணுக்கு அனுப்பலாம். கடை திறந்திருக்கிறதா என்று அறிய 102. ஆனாலும் விற்பனையாளரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்ட பிறகே மற்றவர்களுக்குத் தெரிவியுங்கள். ஒருமுறை தவறான தகவலை நம்பி வந்து வெறும் பையோடு திரும்பியவர், அடுத்த செய்தியை நம்ப மாட்டார்.

தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகளே இடம். ‘காலை’ என்பது கண்ணுக்கு இரண்டெழுத்து. துணைக்காலும் ஐகாரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் போனுக்கு அது நான்கு. ஆகவே இப்படி எழுதுங்கள்: “வியாழன் காலை கடையில் பருப்பு, பாமாயில் உண்டு. கார்டுடன் வரவும்.” இது 63. ‘நாளை’ என்று எழுதாதீர்கள். மறுநாள் போனைத் திறப்பவர் ஒரு நாள் தவறிப் போவார். கைரேகை வைக்க வேண்டியிருப்பதால், கார்டில் பெயருள்ள ஒருவர் வர வேண்டும் என்பதை முதல் மாதம் தனிச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

முந்தைய நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அனுப்புவது நல்லது. வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். ஆதார் எண், ஓ.டி.பி. எதையும் யாரிடமும் கேட்காதீர்கள்; உங்கள் பெயரைச் சொல்லி வேறு யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

வாங்காத பொருளுக்கு வாங்கியதாகச் செய்தி வந்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1967 என்ற கட்டணமில்லா எண்ணில் அன்றே புகார் சொல்ல வேண்டும். வயதானவர்கள் தனியே பேசத் தயங்குவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கார்டு எண்ணை வாசித்துக் கொடுங்கள்.