இளையோர் நலக் குழுவில் அறிவாற்றல் ஸ்கிரீனிங்கைத் தொடங்குவது எப்படி?

மனச்சோர்வு, பதற்றம், மனநோயின் தொடக்கநிலை என எதற்காக வரும் இளைஞருக்கும் கவனம், நினைவாற்றல், திட்டமிடல் ஆகியவற்றில் சிரமம் இருக்கலாம். அவர் அப்பாயின்ட்மென்டை மறந்தால் ‘ஆர்வமில்லை’ என்று ஃபைலில் எழுதிவிடுகிறோம். இந்தச் சிரமங்களைச் சிறு சோதனைகளால் முன்கூட்டியே பார்க்கும் ஸ்கிரீனிங் தேவை என்று குழுவில் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் செய்ய மாட்டார்கள். நேரமில்லை என்பார்கள். துருவிக் கேட்டால், ‘சிரமம் இருக்குன்னு தெரிஞ்ச பிறகு நான் என்ன செய்ய?’ என்ற தயக்கம் வெளிவரும். அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

படி 1: சோதனைக்கு முன்பே, அடுத்து என்ன செய்வது என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கவனம் சிதறினால் அமர்வை இரண்டாகப் பிரிக்கலாம். மறதி என்றால் பேசியதை மூன்று வரியில் எழுதிக் கொடுத்து, முந்தைய நாள் மெசேஜ் அனுப்பலாம். தலையில் அடி, வலிப்பு, திடீர்க் குழப்பம் இருந்தால் ஸ்கிரீனிங்குக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

படி 2: வயதுக்கும் மொழிக்கும் பொருந்தும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கும் தெரிந்த மோகா (MoCA) என்ற அறிவாற்றல் சோதனை 30 மதிப்பெண், சுமார் 10 நிமிடம். ஆனால் அது முதியோரின் லேசான அறிவாற்றல் குறைவைக் கண்டறிய உருவானது. வழக்கமான எல்லையான 26-ஐத் தாண்டிய இளைஞரும் வகுப்பில் திணறலாம். எனவே அவர் தன் சிரமங்களைக் குறிக்கும் கேள்வித்தாளோடு, செய்து காட்டும் ஒரு சிறு செயல்சோதனையும் வையுங்கள். தன்னைப் பற்றி அவர் சொல்வதும் செய்து காட்டுவதும் பல நேரம் ஒத்துப்போகாது.

படி 3: பணியாளர்கள் இருவர் இருவராக ஒத்திகை பார்க்கட்டும். பணியாளர் வாசிக்கும் எண்களைக் கேட்டு இளைஞர் திருப்பிச் சொல்லும் சோதனையில் எளிதில் பிழை வரும். ‘ஐந்து, எட்டு, இரண்டு, ஒன்பது’ என்று நொடிக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்க வேண்டும். போன் நம்பர் சொல்வதுபோல் ‘ஐம்பத்தெட்டு, இருபத்தொன்பது’ என்று சேர்த்தால், நான்கு எண்களின் சுமை இரண்டாகக் குறைந்து மதிப்பெண் பொய்யாக ஏறும். சரியான விடைக்கு மட்டும் ‘சூப்பர்’ சொல்வதும் கூடாது. அடுத்த விடைக்கு அந்தச் சொல் வராதபோதே இளைஞர் தளர்ந்துவிடலாம்.

படி 4: தொடங்குமுன் தூக்கம், கண்ணாடி, காது கேட்பது, மருந்து, போதைப்பொருள் பற்றி விசாரியுங்கள். இரவு தூங்கவில்லை என்றால் வேறு நாளுக்கு மாற்றுங்கள். ‘டெஸ்ட்’ என்ற சொல்லே சிலரை முடக்கிவிடும். இப்படிச் சொல்லலாம்: “இது பாஸ், ஃபெயில் இல்லை. உங்களுக்கு எப்படிச் சொன்னா சுலபமா இருக்கும்னு தெரிஞ்சுக்கத்தான். வேண்டாம்னா நிறுத்திக்கலாம்.”

படி 5: முடிவை அன்றே சொல்லுங்கள். இது நோயறிதல் அல்ல என்பதையும் சொல்லுங்கள். நன்றாகச் செய்ததில் ஆரம்பித்து, அடுத்த அமர்வில் மாறப்போகும் ஒன்றைக் குறிப்பிடுங்கள்.

மொத்தக் குழுவையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். விருப்பமுள்ள இருவர், ஆளுக்கு வாரம் ஒருவர், ஒரு மாதம் என்று தொடங்கினால் போதும். வாரக் கூட்டத்தில் ‘எத்தனை பேருக்குச் செய்தீர்கள்?’ என்பதைவிட ‘பார்த்த பிறகு எதை மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் படி 1-இல் எழுதிய பக்கத்தைத் திருத்துங்கள்.