கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை பிளாஸ்க்கில் படிப்பது எப்படி?

ஏதாவது ஒரு தளத்தில் எதையாவது தேடிவிட்டு முகவரிப் பட்டையைப் பாருங்கள். நடுவில் ஒரு ? இருக்கும், அதற்குப் பின்னால் பெயர்=மதிப்பு என்று ஒரு ஜோடி, அப்புறம் ஒரு &, அப்புறம் இன்னொரு ஜோடி என்று வரிசையாகப் போகும். இந்தப் பகுதிதான் குவெரி ஸ்ட்ரிங். ? குறியில் தொடங்கி, # வந்தால் அதோடு முடியும். # குறிக்குப் பின்னால் இருப்பதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை, அதனால் அதை சர்வர் கோடில் (நிரலில்) தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பைதான் மொழியையும், அதில் இணையதளம் எழுத உதவும் பிளாஸ்க்கையும் வைத்துச் செய்து பார்க்கலாம். கீழே கோடையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், ஆப், டெஃப், ரிக்வெஸ்ட் போன்றவற்றை எடிட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சொல், பக்கம் போன்ற பெயர்களைத் தமிழிலேயே விடலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும்.

முதலில் டெர்மினலில் பைதானின் நிறுவல் கருவியான பிப் வழியாக பிளாஸ்க்கை நிறுவுங்கள். கோப்பின் மேலே பிளாஸ்க், ரிக்வெஸ்ட் இரண்டையும் இம்போர்ட் செய்து, ஆப் ஒன்றை உருவாக்கிய பிறகு இதை எழுதுங்கள்:

@ஆப்.ரூட்("/தேடு")
டெஃப் தேடு():
    சொல் = ரிக்வெஸ்ட்.ஆர்க்ஸ்.கெட்("சொல்", "")
    பக்கம் = ரிக்வெஸ்ட்.ஆர்க்ஸ்.கெட்("பக்கம்")
    ரிட்டர்ன் ரெப்ர்([சொல், பக்கம்])

ஓடவிட்டு பிரவுசரில் 127.0.0.1:5000/தேடு?சொல்=மழை&பக்கம்=2 என்று போங்கள். ['மழை', '2'] என்று வரும். அந்த 2-ஐச் சுற்றி இருக்கும் மேற்கோள் குறியைக் கவனியுங்கள், அதைக் காட்டத்தான் ரெப்ர் போட்டேன். வந்திருப்பது எண் இல்லை, எழுத்து. குவெரி ஸ்ட்ரிங்கில் வருவது எல்லாமே எழுத்துதான், அதை அனுப்புவதும் நமக்குத் தெரியாத யாரோ ஒருவர். புதிதாக எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பாதி இங்கேதான் இருக்கிறது. பக்கத்துக்கு 10 வரி காட்டலாம் என்று பக்கம் * 10 எழுதினால் 20 வராது, பைதான் அந்த எழுத்தைப் பத்து முறை ஒட்டி '2222222222' என்று கொடுக்கும், அதுவும் பிழை எதுவும் காட்டாமல்.

சரி, எண்ணாக மாற்றலாம்:

    பக்கம் = ரிக்வெஸ்ட்.ஆர்க்ஸ்.கெட்("பக்கம்", 1, டைப்=இன்ட்)

இந்த ஒரு வரி மூன்று நிலைமைகளைச் சமாளிக்கிறது. பக்கம் வரவே இல்லை என்றாலும், பக்கம்= என்று வெறுமையாக வந்தாலும், பக்கம்=வணக்கம் என்று எதையாவது எழுதி அனுப்பினாலும் 1 கிடைக்கும். கெட் இல்லாமல் சதுர அடைப்புக்குறி போட்டு எடுத்தால், அந்தப் பெயர் வராதபோது பிளாஸ்க் 400 பிழையை (தவறான கோரிக்கை) திருப்பிவிடும். கட்டாயம் இருந்தே ஆக வேண்டிய மதிப்புக்கு அது சரி, விருப்பமானதற்கு கெட் போதும். இன்னொன்று, பக்கம்=௨ என்று தமிழ் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், இன்ட் அதையும் 2 என்றே படிக்கும். முதல் முறை பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஆனால் எண்ணாக மாறிவிட்டதால் மட்டும் அது நல்ல எண் ஆகிவிடாது. -5 என்றும் அனுப்பலாம், 99999999 என்றும் அனுப்பலாம், அதனால் மேக்ஸ்(1, மின்(பக்கம், 500)) என்று இரண்டு பக்கமும் வேலி போட்டுவிடுங்கள். ஆம்/இல்லை மதிப்புகளுக்கு டைப்=பூல் போடவே போடாதீர்கள். பைதானில் வெறுமையாக இல்லாத எந்த எழுத்தும் ட்ரூ ஆகிவிடும், '0' உட்பட. மதிப்பு == "1" என்று நேராக ஒப்பிடுவதுதான் நல்லது.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், உதாரணமாக ?நிறம்=சிவப்பு&நிறம்=நீலம், கெட் முதலில் வந்ததை மட்டும் தரும். எல்லாம் வேண்டுமென்றால் கெட்லிஸ்ட். பிஎச்பி மொழி இதே இடத்தில் கடைசியை எடுத்துக்கொள்ளும்.

மேலே போன முகவரியை காப்பி செய்து ஒரு நோட்பேடில் பேஸ்ட் செய்தால் மழை என்ற சொல் பெரும்பாலும் % குறிகளாக நீண்டிருக்கும். பயப்பட வேண்டாம். மழை என்பது யூனிகோடில் ம, ழ, ஐகாரக் குறி என 3 குறிகள், யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து 3 எழுத்தாகும், ஆக மொத்தம் 27. பிளாஸ்க் இதைப் பிரித்து மழையாகவே கையில் கொடுத்துவிடும். + குறியில்தான் கவனம் வேண்டும். குவெரி ஸ்ட்ரிங்கில் + என்றால் இடைவெளி என்று படிக்கப்படும், சொல்=1+1 என்று அனுப்பினால் '1 1' என்றுதான் வந்து சேரும். அதனால் இணைப்பை உருவாக்கும்போது எழுத்துகளைக் கையால் ஒட்டாமல் பைதானின் யூஆர்எல்லிப்.பார்ஸில் உள்ள யூஆர்எல்என்கோட் ஃபங்ஷனிடம் விட்டுவிடுங்கள், + & = எல்லாவற்றையும் அதுவே மாற்றித் தரும்.

இப்போது முதல் கோடில் இருந்த ரெப்ர் வரியை மாற்றிவிடுங்கள், அது பார்ப்பதற்கு மட்டும்தான். வந்த சொல்லை அப்படியே பக்கத்தில் திருப்பிக் காட்டினால், அதற்குள் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புபவரின் கோடு பார்ப்பவரின் பிரவுசரில் ஓடும். பிளாஸ்க்கோடு சேர்ந்தே நிறுவப்படும் மார்க்கப்சேஃபில், குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் எஸ்கேப் வழியாக அனுப்புங்கள், அல்லது பிளாஸ்க்கின் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துங்கள், அது தானாகவே செய்யும். டேட்டாபேஸில் தேடும்போதும் சொல்லை எஸ்க்யூஎல் வரியோடு ஒட்டாதீர்கள், எஸ்க்யூலைட் என்றால் அந்த இடத்தில் ? வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். கடவுச்சொல்லையும் டோக்கனையும் குவெரி ஸ்ட்ரிங்கில் வைக்கவே கூடாது, முகவரி பிரவுசர் ஹிஸ்டரியிலும் சர்வர் லாகிலும் பதிவாகி அங்கேயே கிடக்கும்.