மாட்பஸ்: முதலில் ஒரே ஒரு மீட்டரைப் பேச வைப்போம்

ஆலைக் கருவிகள் ஒரே கேபிளில் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறைகளை ஃபீல்டுபஸ் என்பார்கள். அந்தப் பெயரில் தேடத் தொடங்கினால் புரொஃபிபஸ், ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ், கேன்ஓபன், டிவைஸ்நெட் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். இப்போதைக்கு அவற்றை ஓரமாக வையுங்கள். 1979-இல் மாடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினிகள்) உருவாக்கிய மாட்பஸ் ஒன்றைக் கையால் செய்து பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். ஒரு எனர்ஜி மீட்டர் காட்டும் வோல்டேஜைக் கணினியில் படிப்பதுதான் இன்றைய வேலை.

ஆர்எஸ்-485 (இரண்டு வயரில் தரவு அனுப்பும் முறை) வசதியுள்ள மீட்டர், யுஎஸ்பியில் செருகும் ஆர்எஸ்-485 கன்வெர்ட்டர், ஒரு மீட்டர் நீளத்துக்கு முறுக்கிய இரட்டை வயர், மல்டிமீட்டர் ஆகியவை வேண்டும். கணினியில் கியூமாட்மாஸ்டர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், மீட்டரின் கையேடு. அதில் ரெஜிஸ்டர் (மீட்டர் தன் அளவுகளை வைத்திருக்கும் எண்ணிட்ட பெட்டி) அட்டவணை இருக்கும் பக்கத்தை அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பேனலில் பழகாதீர்கள். மேஜை மேல் தனி மீட்டராக வைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வயர் மாட்டுங்கள். மின்னோட்டம் ஓடும்போது சிடியின் (மின்னோட்டத்தை அளக்க உதவும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டாம் பக்க வயரைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. நமக்கு வோல்டேஜ் மட்டும் போதும் என்பதால் சிடியே தேவையில்லை.

முதல் படி: வயர்

மீட்டரில் ஏ, பி என்று இரண்டு முனைகள் இருக்கும், கன்வெர்ட்டரிலும் அப்படியே. ஏ-க்கு ஏ, பி-க்கு பி. பேச்சு வரவில்லை என்றால் இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். எது ஏ, எது பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. மாற்றி மாட்டினால் எதுவும் எரிந்துவிடாது, பேசாது, அவ்வளவுதான். இரண்டு வயருக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் ஆர்எஸ்-485 பார்க்கிறது. அந்த வேறுபாடு 200 மில்லிவோல்ட்டைத் தாண்டினாலே புரிந்துகொள்ளும். மோட்டார்களின் இரைச்சல் இரண்டு வயரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுவதால் கழித்துப் பார்க்கும்போது அது மறைந்துவிடுகிறது. வயரை முறுக்குவது அதற்காகத்தான்.

இரண்டாம் படி: நான்கு அமைப்புகள்

ஸ்லேவ் எண் (மீட்டரின் அடையாள எண்), பாட் ரேட் (தரவு போகும் வேகம்), பாரிட்டி (பிழையைக் காட்டும் கூடுதல் பிட்), ஸ்டாப் பிட் (ஒவ்வொரு பைட்டின் முடிவைக் காட்டுவது). மீட்டரின் மெனுவில் உள்ளவையும் மென்பொருளில் உள்ளவையும் எழுத்து பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ஸ்லேவ் எண் 1 முதல் 247 வரை இருக்கலாம். புது மீட்டர் பெரும்பாலும் 1 என்ற எண்ணோடும் 9600 வேகத்தோடும் வரும். பாரிட்டியில்தான் பலர் சறுக்குகிறார்கள், ஆகவே ஊகிக்காமல் மெனுவைத் திறந்து பாருங்கள்.

மூன்றாம் படி: கேள்வி

மாட்பஸில் மீட்டர் தானாக வாய் திறக்காது. கேட்பவர் மாஸ்டர், கேட்டால் மட்டும் பதில் சொல்பவர் ஸ்லேவ். நம் கேள்வி ஹெக்ஸில் (16-அடிமான எண்முறையில்) இப்படிப் போகும்:

01 03 00 00 00 02

ஒன்றாம் எண் மீட்டரே, 03 என்ற ஃபங்ஷன்படி (ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளை), 0-ஆம் முகவரியிலிருந்து 2 ரெஜிஸ்டர்களைக் கொடு என்று பொருள். இதன் வாலில் பிழை சரிபார்க்க இரண்டு பைட்டுகள் உண்டு. மென்பொருளே அவற்றைக் கணக்கிட்டுச் சேர்த்துவிடும். சில மீட்டர்களில் அளவுகள் 04 ஃபங்ஷனில் இருக்கும். கையேடு எதைச் சொல்கிறதோ அதைப் போடுங்கள்.

கையேட்டில் 40001 என்று இருந்தால் வயரில் போவது 0. முதலில் நிற்கும் 4, ரெஜிஸ்டரின் வகையைச் சொல்கிறது. மிச்சம் 1-இல் தொடங்கும் எண்ணிக்கை. இந்த ஒன்றின் வித்தியாசத்தால் பக்கத்து ரெஜிஸ்டரைப் படித்துவிட்டு மீட்டரைக் குறை சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து.

பதில் வரவே இல்லை என்றால் கோளாறு வயரிலோ நான்கு அமைப்புகளிலோ இருக்கிறது. 01 83 02 என்று வந்தால் மகிழுங்கள். "அந்த முகவரி என்னிடம் இல்லை" என்று மீட்டர் பேசிவிட்டது. வயர் சரி, வேகம் சரி. திருத்த வேண்டியது முகவரியை மட்டுமே.

நான்காம் படி: எண்ணுக்குப் பொருள்

பதில் 01 03 04 43 66 00 00 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 04 என்பது தரவின் நீளம், நான்கு பைட்டுகள். ஒரு ரெஜிஸ்டருக்கு 16 பிட்டுதான் என்பதால் தசம எண்ணைச் சொல்ல மீட்டர் இரண்டு ரெஜிஸ்டர்களைச் சேர்த்துக்கொள்கிறது. திரையில் 17254, 0 என்று தெரியும். பதற வேண்டாம். இரண்டையும் சேர்த்து 32 பிட் ஃப்ளோட்டாகப் (தசம எண்ணுக்கான வடிவம்) படித்தால் சரியாக 230.0 வோல்ட். சில மீட்டர்கள் இரண்டாவது ரெஜிஸ்டரை முன்னால் அனுப்பும். அப்போது ஏறக்குறைய பூஜ்யம் தெரியும். மென்பொருளில் வரிசையை மாற்றிப் பாருங்கள். கடைசிச் சோதனைக்கு மல்டிமீட்டரை எடுத்து வோல்டேஜை நேராக அளந்து ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: மற்ற மீட்டர்கள்

ஒரு நூற்பாலையில் பன்னிரண்டு புது மீட்டர்களை ஒரே மூச்சில் இணைத்துவிட்டுப் பெருமையாகக் கணினி முன் உட்கார்ந்தேன். எல்லா மீட்டருக்கும் எண் 1. ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள், ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி எண் மாற்றி மாட்டுவதற்குள் விடிந்துவிட்டது. நீங்கள் ஒவ்வொரு மீட்டருக்கும் மேஜையிலேயே எண் கொடுத்து, அதை மேலே எழுதி ஒட்டிவிட்டுப் பேனலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேபிள் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவிலிருந்து நான்கு பக்கமும் கிளை விரிக்கக் கூடாது. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை ஓட்டலாம். நீண்ட கேபிளின் இரு கடைசிகளிலும் ஏ, பி இடையே 120 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வரும். மேஜை மேல் ஒரு மீட்டர் நீள வயருக்கு அது தேவைப்படவில்லை.

போட்டது சரியா என்று பார்க்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏ, பி இடையே ஓம் அளவிடுங்கள். 60-ஐ ஒட்டி வர வேண்டும். கேபிளின் நீளத்தால் கொஞ்சம் கூடலாம். 120 என்றால் ஒரு முனையில் விட்டுப்போயிருக்கிறது. அதே ஆலையில் எனக்கு 40 காட்டியது. மூன்றாவது ரெசிஸ்டரை எல்லா மீட்டரிலும் தேடி அலுத்த பிறகு, சங்கிலியின் நடுவில் மாட்டியிருந்த என் கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு சின்ன ஜம்பரால் (இணைப்புத் துண்டால்) இணைக்கப்பட்டு அது உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.