வாங்கிப் போட்ட கேம்களை ஒவ்வொன்றாக முடிப்பது எப்படி

ஸ்டீம் (கணினி கேம்கள் விற்கும் ஆன்லைன் கடை) லைப்ரரியில் தொடாமல் கிடப்பவற்றில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ‘ஹைட்’ செய்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். பிடிக்கவில்லையா? வாங்கி 14 நாள் ஆகாமல், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

விவசாயம், வீடு என்று அன்றாட வாழ்க்கையை ஆடும் கேம்களுக்கு முடிவு கிடையாது; எல்லையை நாம்தான் போட வேண்டும். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேமில், கேம் கணக்கில் மூன்றாம் ஆண்டு முதல் நாள், பண்ணையை விட்டுச்சென்ற தாத்தா வந்து மதிப்பெண் போடுவார். அதுவரை 224 கேம் நாள், ஒரு நாளுக்கு நம் நேரத்தில் சுமார் 14 நிமிடம். மொத்தம் 52 மணி நேரம். அங்கே நிறுத்துவது நல்லது.

பாலக்கோட்டுக்காரர்களுக்குத் தக்காளி நட ஆள் சொல்லித்தர வேண்டாம், ஆனால் இந்த கேமில் கணக்கு வேறு; கோடை 28 நாள்தான். கோடை 1-ஆம் தேதி நட்டால் 12-இல் முதல் பறிப்பு, பிறகு நாலு நாளுக்கொருமுறை, மொத்தம் ஐந்து. தினமும் தண்ணீர் ஊற்றணும்; விட்டால் ஒரு நாள் தள்ளிப்போகும். 17-க்குப் பிறகு நட்டால் விதைக்காசு போச்சு, இலையுதிர்காலம் பிறந்ததும் செடி பட்டுவிடும்.

கேமில் உங்கள் ஆள் தூங்கினால்தான் சேவ் ஆகும். சாயங்காலம் கரண்ட் போகிற ஊரென்றால் அவரைக் கட்டிலில் தூங்கவைத்த பிறகே கணினியை விட்டு எழுந்திருங்கள்.